மார்வாவின் துப்பாக்கி

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று மாலை, ஆர்டன் ஹாக்லண்டின் பூட்ஸின் அடிப்பக்கத்துக்கும் சமையலறைத் தரைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டு எங்கேயும் தட்டாமல் போய் வந்தது. போட்டுப் பார்த்தவர் தீவனக் கடை வெண்டல் ரூட். மனைவி கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை அடுப்பின் மேல் வைத்துவிட்டுத் திரும்பியவர், அந்த வீடு கட்டிய நாளிலிருந்து யார் மிதித்தாலும் முனகுகிற பலகை, ஆர்டன் நடந்தபோது மட்டும் வாயே திறக்கவில்லை என்பதைக் கவனித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, குதிகால் பக்கம் நுழைத்து விரல் பக்கமாக உருவினார். அடுத்த காலுக்கும் அப்படியே செய்தார். பிறகு நோட்டை மடித்துப் பையில் வைத்தபடி, "மிதக்குதுடா. ரெண்டு பக்கமும் ஒரே சீரா மிதக்குது" என்றார், வைக்கோல் விலை ஏறிவிட்டது என்று சொல்கிற அதே குரலில். ஆர்டனுக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஒரு வருஷம் நரம்பில் ஊசியோடு படுத்திருந்தவனுக்கு நிற்க முடிந்ததே போதுமென்றிருந்தது.

லூசன் க்ரீக்கில் டாலர் நோட்டை இப்படிப் பயன்படுத்துவது புதிதில்லை. மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலம் நீளம். விறகு பிளந்து முடித்த பிறகு ஆண்களுக்கு மிஞ்சுகிற வேலை, பழைய துப்பாக்கி ஒன்றைப் பிரித்துப் போட்டுத் தன் கைக்கு ஏற்றபடி புதிதாக்குவதுதான். துப்பாக்கியின் இரும்புக் குழல் அடியிலிருக்கும் மரக்கட்டையில் படவே கூடாது, பட்டால் ஈரத்தில் மரம் முறுக்கிக்கொண்டு குழலை நெட்டித் தள்ளும், குண்டு பக்கத்து மலைக்குப் போகும் என்பது ஒரு கட்சி. படுகிறதா இல்லையா என்று பார்க்க அவர்கள் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே டாலர் நோட்டை நுழைத்து இழுப்பார்கள். நுனியில் ஓர் அழுத்தம் இருந்தால்தான் குழல் அதிராமல் நிற்கும் என்பது எதிர்க்கட்சி. வெண்டல் அதற்குத் தலைவர். இந்தத் தகராறில் அண்ணன் தம்பி பேச்சு நின்றிருக்கிறது, ஒரு கல்யாணம் தள்ளிப் போயிருக்கிறது. ஆகவே ஆர்டன் மிதக்கிறான் என்ற செய்தி பரவியபோது, அது எப்படி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. மிதப்புக்காரர்கள், பார்த்தீர்களா, உடம்பே தனக்கு எது நல்லதென்று தெரிந்துகொண்டுவிட்டது என்றார்கள். அழுத்தக்காரர்கள், முதல் காற்று அடிக்கட்டும், அப்போது பேசலாம் என்றார்கள்.

ஆர்டனின் மனைவி மார்வா எந்தக் கட்சியிலும் இல்லை, ஏனென்றால் அவளுக்கென்று ஒரு துப்பாக்கி இல்லை. அவள் வேட்டைக்கு எடுத்துப் போனது அவளுடைய அண்ணன் கொடுத்தது, ஆறடி உயர ஆளுக்குச் செய்த கட்டை. மார்வா இடதுகைக்காரி, கையும் குட்டை. ஆனால் எல்க் மானின் போக்கை அறிந்து போய்ப் பிடிப்பதில் அந்தப் பள்ளத்தாக்கிலேயே அவளுக்கு ஈடு கிடையாது. ஒவ்வொரு நவம்பரிலும் இறைச்சியோடும், கழுத்தெலும்புக்குக் கீழே துப்பாக்கி சுடும்போது பின்னால் உதைத்ததில் உண்டான நீலக் கன்றலோடும் திரும்பி வருவாள். கல்யாணமான புதிதில் அந்த நீலத்தைப் பார்க்கப் பொறுக்காமல், ஆர்டன் ஒரு பழைய ஸ்வீடன் ராணுவத் துப்பாக்கியையும் ஒரு வால்நட் பலகையையும் வாங்கி வந்து, "அடுத்த சீசனுக்குள்ள உன் உடம்புக்கு அளவெடுத்து ஒண்ணு செஞ்சு தரேன் பாரு" என்றான். அந்த அடுத்த சீசன் வரவேயில்லை. முதலில் கூரை ஒழுகியது. பிறகு ஒரு பெண் பிறந்தாள், பிறகு இன்னொருத்தி. கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தில் சாலையைச் சமன்செய்கிற வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. பனி விழுந்த நாளெல்லாம் அவன் சாலையில்தான் இருந்தான். இடையில் உளி வாங்கினான், உளியைத் தீட்டக் கல் வாங்கினான், கல்லை வைக்க மேஜை செய்தான், மேஜைக்கு வெளிச்சம் போதவில்லை என்று கம்பி இழுத்தான். குழலை மாற்றினான். கட்டையை முரட்டு உருவத்துக்கு அறுத்து, நன்றாக உலரட்டும் என்று நிலவறையில் கொதிகலனுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான். அது இருபத்திரண்டு வருஷம் உலர்ந்தது.

அதற்குள் விஷயம் ஊர்ப் பேச்சில் ஏறிவிட்டது. பாதியில் நிற்கிற எதற்கும் லூசன் க்ரீக்கில் 'மார்வாவின் துப்பாக்கி' என்று பெயர். தூண் மட்டும் எழும்பி நின்ற ஆற்றுப்பாலம் மார்வாவின் துப்பாக்கி. பல் வைத்தியர் பாதியில் விட்ட கடைவாய்ப் பல்லும் மார்வாவின் துப்பாக்கி. "உம் மகன் கல்யாணம் என்ன ஆச்சு?" என்று கேட்டால், "அது மார்வா துப்பாக்கியாட்டம் தொங்குது" என்று பதில் வரும். ஒருமுறை கவுண்டிக் கூட்டத்தில் பள்ளிக்கூடக் கூரையைப் பற்றித் தலைவரே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். முன்வரிசையில் மார்வா உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

பிறகு ஒரு பிப்ரவரியில் ஆர்டனின் ஈறில் ரத்தம் கசிந்தது, நிற்கவில்லை. ரத்தத்தில் புற்று என்றார்கள். சியாட்டிலில் வைத்து அவன் எலும்புகளுக்குள் இருந்ததையெல்லாம் மருந்தால் துடைத்தெடுத்துவிட்டு, முகம் தெரியாத யாரோ ஒருவரின் மஜ்ஜையை உள்ளே விட்டார்கள். மகள்கள் இரண்டு பேரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மாறி மாறி வந்து போனார்கள். மார்வா ஆஸ்பத்திரிக்கு எதிரே வாடகை அறையில் இருந்தாள். அவள் தோளில் கன்றல் இல்லாமல் கழிந்த முதல் குளிர்காலம் அது. இரண்டு தடவை கடைசி ஜெபத்துக்கென்று பாதிரியாரைக் கூப்பிட்டார்கள், இரண்டு தடவையும் அவர் காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த வருஷம் மே மாதம், இனி பயமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அப்படித்தான் அவன் வந்தான், ஒரு நோட்டு உயரத்தில்.

ஊர்க் கிளினிக்கில் எடை மிஷின் மேல் ஏறி நின்றபோது முள் அசையவில்லை. நர்ஸ் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க, எவ்வளவு இருப்பீங்க?" என்று கேட்டாள். அவன் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொன்னான், அவள் அதையே எழுதிக்கொண்டாள். லூத்தரன் தேவாலயத்தில் பாதிரியார் சபை விதிகளைப் புரட்டிவிட்டு, இதற்கு எதிராக எதுவும் காணோம் என்றார். ஆனால் மாடத்தில் மட்டும் உட்கார வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அங்கே கைப்பிடி தாழ்வு. ரத்தப் பரிசோதனை எல்லாம் நன்றாகவே இருந்தது. நோய் முழுசாகப் போய்விட்டது. போகும்போது இவனையும் தரையிலிருந்து கிளப்பிவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அது ஒரு நோட்டோடு நிற்கவில்லை. ஜூலையில் காலடியில் ஒரு தீப்பெட்டி நுழைந்து போயிற்று. கவுண்டிச் சந்தையின்போது ஒரு சீட்டுக்கட்டு போயிற்று. மேற்கிலிருந்து காற்று அடித்த ஒரு நாள் மார்வா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவன் கையில் காபிக் கோப்பையோடு, ஒரு காலும் எடுத்து வைக்காமல், கோழிக்கூட்டைத் தாண்டி வேலியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். அன்றிலிருந்து வெளியே போனால் நாய்ச் சங்கிலியின் ஒரு முனை அவன் இடுப்பு பெல்ட்டில், இன்னொரு முனை துணிக்கொடிக் கம்பியில். சங்கிலி பறிபோன நாய்க்கு அதில் வருத்தம்தான். வெண்டல் ஒரு மூட்டை ஈயக் குண்டு கொண்டுவந்து கொடுத்தார். கோட்டுப் பைகளில் நிரப்பினார்கள், கோட்டும் சேர்ந்து மிதந்தது. அவன் எதை உடுத்தினாலும், எதைக் கையில் எடுத்தாலும் அது அவனைப் போலவே ஆகிவிட்டது. மார்வா எல்க் இறைச்சியும் வெண்ணெயில் பொரித்த கிழங்குமாக ஊட்டாத குறையாகப் போட்டாள். தின்றான், ருசி என்றான், இன்னும் கொஞ்சம் உயர்ந்தான்.

அவனுக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. "வலியே இல்ல மார்வா. எதுவும் எங்கயும் அழுத்தல. பொறந்ததுல இருந்து இவ்வளவு லேசா இருந்ததே இல்ல நான்" என்பான். மார்வா பயந்தது அதற்குத்தான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவன் ஐஸ் வேண்டுமென்றான், ஜன்னலைத் திற என்றான், வாந்திக்கு நடுவே ஆளைத் திட்டினான். இப்போது காபியா டீயா என்று கேட்டால் எது இருக்கிறதோ அது என்றான். அவன் ஓட்டிய வண்டியைக் கவுண்டியில் வேறொருத்தனுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றதும், நல்ல பையன், கொடுக்கட்டும் என்றான். ஊருக்குக் கிளம்புகிறவன் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, வண்டி வரும்வரை எல்லாரிடமும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பானே, அப்படி இருந்தான். ஒரு மத்தியானம் சோபாவுக்கு மேலே அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது, மார்வா தன் பர்ஸிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தன் உள்ளங்கைக்கும் அவன் உள்ளங்கைக்கும் நடுவே அதை நுழைத்தாள். நோட்டு எங்கேயும் தட்டாமல் அந்தப் பக்கமாக வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் அழாத அழுகையை அங்கே அழுதாள்.

அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. நிலவறைக்கு இறங்கிப் போய், கட்டையையும் குழலையும் எடுத்து வந்து, சமையல் மேஜையில் கிழங்குத் தோலுக்கு நடுவே தொப்பென்று போட்டாள். ஆர்டன் விழித்துக்கொண்டு வந்தான்.

"இதை முடி."

"இப்ப எதுக்கு அது? உனக்குத்தான் ஒண்ணு இருக்கே."

"எங்கண்ணன் துப்பாக்கி இருக்கு. என் துப்பாக்கி எங்க? பாலத்துக்கு என் பேரு, பள்ளிக்கூடக் கூரைக்கு என் பேரு, எவனோ ஒருத்தன் சொத்தைப் பல்லுக்கு என் பேரு! நீ பாட்டுக்குக் கிளம்பிட்டா அந்தப் பேரு என் கல்லறை மட்டும் வரும். முடிச்சுக் குடுத்துட்டு எங்க வேணா போ."

"நான் எங்க போறேன்? இங்கதானே இருக்கேன்."

"குனிஞ்சு உன் காலைப் பாரு."

அவன் குனிந்து பார்த்தான். வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தான் என்று தோன்றியது. பிறகு கட்டையைக் கையில் எடுத்து, பெருவிரலால் தடவி, "நல்லாத்தான் உலர்ந்திருக்கு" என்றான்.

வேலை முதல் தள்ளலிலேயே நின்றுபோயிற்று. கட்டையைப் பிடிகருவியில் இறுக்கி, உளியை வைத்து முன்னால் தள்ளினான். மரம் அசையவில்லை, ஆர்டன்தான் நகர்ந்தான், பின்பக்கமாக, நேர்கோட்டில், நிலவறையின் மறுகோடிச் சுவர்வரை. ஊறுகாய் ஜாடிகள் இருந்த அலமாரியில் இடித்து நின்றான். தரையில் கால் ஊன்றாதவன் எதைத் தள்ள முடியும்? படிக்கட்டில் நின்றிருந்த மார்வா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அந்த ஒன்றரை வருஷத்தில் முதல் சிரிப்பு. பிறகு இறங்கி வந்து, இரண்டு முக்காலிகளைப் போட்டு, ஒன்றில் அவனை உட்காரவைத்து, அவன் முதுகோடு தன் முதுகை வைத்து உட்கார்ந்து, இரண்டு கால்களையும் கொதிகலனின் செங்கல் மேடையில் உதைத்துக்கொண்டாள். "இப்பத் தள்ளு" என்றாள். அவன் தள்ளியது அவள் முதுகில் ஒரு காற்று மாதிரித்தான் வந்து மோதியது. ஆனால் உளிக்கு முன்னால் ஒரு மரச்சுருள் எழும்பியது.

குழல் மிதந்தாலும் அழுந்தினாலும், அதற்குப் பின்னால் குண்டு ஏற்றுகிற இரும்புப் பாகம் மரத்துக்குள் முழுசாகப் பதிய வேண்டும், அதைப் பொருத்துவதற்கு அந்தப் பள்ளத்தாக்கில் ஒரே வழிதான். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து இரும்பின் மேல் பூச வேண்டும், மரத்தில் அழுத்தி எடுக்க வேண்டும். எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் மரம் கறுத்திருக்கும். கறுத்த இடத்தை மட்டும் ஒரு மயிரிழை சுரண்டிவிட்டு, மறுபடி பூசி, மறுபடி அழுத்தி, மறுபடி சுரண்டி, இரும்பும் மரமும் எல்லா இடத்திலும் ஒன்றையொன்று தொடுகிறவரை செய்துகொண்டே போக வேண்டும். அவசரக்காரர்கள் செய்கிற வேலையில்லை. இதைச் செய்கிற வீட்டில் கரி படாத பொருள் இருக்காது. குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடி, துண்டு, சீப்பு, பூனை எல்லாம் கறுக்கும். ஆர்டனின் கைகள் மணிக்கட்டுவரை கறுப்பாகத்தான் இருந்தன. ஆனால் துண்டு வெள்ளையாகவே இருந்தது, கோப்பையும் வெள்ளையாகவே இருந்தது. தொடாமல் எப்படித் துடைத்தான், எப்படிப் பிடித்தான் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிடித்தான், குடித்தான். மார்வா தினமும் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

செப்டம்பர் கடைசியில் இரும்பு மரத்துக்குள் உட்கார்ந்தது. அதற்குள் ஆர்டன் ஒரு செங்கல் உயரத்தில் இருந்தான், அவனை முக்காலியின் காலில் கட்டிப்போட்டுத்தான் வேலை நடந்தது. அடுத்தது அவள் தோளுக்கு வருகிற பாகம். அளவுகள் சுவரில் பென்சிலால் எழுதியிருந்தன, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் கையால் எழுதியவை. அதன்படி வெட்டி, ராவி, அவளிடம் கொடுத்தான். அவள் இடது தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இறக்கினாள்.

"இடிக்குது" என்றாள்.

"இடிக்காதே, அளவு சரியாத்தானே இருக்கு?"

"அளவு சரிதான். ஆனா நீ அந்த மார்வாவுக்குச் செஞ்சிருக்கே. அவ போய் ரொம்ப நாளாச்சு. ரெண்டு புள்ள பெத்திருக்கேன், ஒரு வருஷம் ஆஸ்பத்திரி நாற்காலியில தூங்கியிருக்கேன். தோள் இறங்கிப்போச்சு பாரு."

ஆர்டன் சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ச்சே!" என்று உளியை மேஜையில் எறிந்தான். வீடு வந்து சேர்ந்த பிறகு எதன் மேலும் அவன் எரிச்சல்பட்டதில்லை. மார்வாவுக்கு அந்த ஒரு சொல் சங்கீதமாகக் கேட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "சரி, மனுஷனுக்கு அளவெடுக்கிற மாதிரி எடு" என்றாள்.

அப்போது அவனுக்கு ஒரு யோசனை வந்தது. லூசன் க்ரீக்கில் யாரும் அதுவரை செய்திராத யோசனை. இரும்புக்குப் பூசுகிற கரியைக் கட்டையின் பின்புறத்தில் பூசினான். மார்வாவை ஒரு பழைய வெள்ளை உள்பனியனைப் போட்டுக்கொள்ளச் சொன்னான். "கண்ணை மூடு. மான் நிக்குதுன்னு நெனச்சுக்கோ. எடு." அவள் எடுத்தாள், இறக்கினாள். பனியனில் கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாக நீலம் கட்டுகிற அதே இடம். அவன் அந்த மூலையைச் சுரண்டினான். மறுபடி பூசினான். "எடு." புள்ளி ஒரு பிறையாயிற்று. முழங்கையை இறக்கு என்றான், மூச்சை விடு என்றான், நிமிர்ந்து நில், இப்படி இல்லை, இப்படி என்று அவள் பின்னால் போய் நின்று திருத்தினான். குறைபட்டான், முறைத்தான், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் இரு என்றான். ஒருநாள் கட்டையின் கன்னம் வைக்கிற பகுதி கொஞ்சம் கூடுதலாகச் சீவிப் போய்விட்டதென்று பகலெல்லாம் பேசாமல் இருந்தான். அவளும் பேசவில்லை. ஆனால் அடுப்படியில் தனக்குள் பாடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பனியனும் பாழான பிறகு, ஒரு காலையில் மார்வா துவைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் அதை விரித்துப் பிடித்தாள். முன்பக்கம் தோளில் கரி முழு உருவமாக விழுந்திருந்தது, முட்டை வடிவில், விளிம்புவரை ஒரே அடர்த்தியாக. இனி உதை ஒரே இடத்தில் குத்தாமல் தோள் முழுக்கப் பரவும். திருப்தியோடு திருப்பிப் போட்டவள் நின்றுவிட்டாள். பின்பக்கம், தோள்பட்டைகளுக்கு நடுவே, ஒரு கை இருந்தது. உள்ளங்கையும் ஐந்து விரல்களுமாக ஒரு முழுக் கை, ஆள்காட்டி விரலில் மட்டும் மேல் கணு கிடையாது. சாலை வண்டியின் சங்கிலியில் ஆர்டன் இழந்த கணு அது. நிமிர்ந்து நில் என்று சொன்னபோது வைத்த கை.

கரி ஒன்றைத்தான் சொல்லும், பட்டதா இல்லையா என்று. அதற்கு வேறு எதுவும் தெரியாது. மார்வா ஈரக் கையோடு நிலவறையிலிருந்து மேலே சமையலறைக்கு ஏறி வந்தாள். அவன் முக்காலியில் கட்டுண்டு, உப்புத்தாளால் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"கையைக் குடு" என்றாள்.

"கரியா இருக்கே."

"குடுன்னா குடேன்."

அவன் கொடுத்தான். அவள் இரண்டு கைகளாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் முகத்தைச் சுளித்து, "உன் கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?" என்று கேட்டான். அவள் தன் உள்ளங்கையைத் திருப்பி அவனுக்குக் காட்டினாள், கன்னங்கரேலென்று இருந்தது. அவன் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். பிறகு அவன் அழுதான், அவள் அவன் முகத்தைத் துடைக்கப் போய் அதையும் கறுப்பாக்கினாள். அன்றைக்குச் சமையல் நடக்கவில்லை. குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடி, துண்டு, சுவர், பூனை எல்லாம் கறுத்துப்போயின. மார்வா எதையும் துடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் உயரவில்லை. இறங்குவதும் ஏறியதைப் போலவே நிதானமாக நடந்தது. செங்கல் உயரத்திலிருந்து சீட்டுக்கட்டுக்கு, சீட்டுக்கட்டிலிருந்து தீப்பெட்டிக்கு. கட்டைக்கு எண்ணெய் ஏற்றுகிற வேலையைத் துணியால் செய்ய முடியாது. வெறும் உள்ளங்கையில் எண்ணெயைத் தொட்டு, கையின் சூடு மரத்துக்குள் இறங்குகிறவரை தேய்க்க வேண்டும், ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்தது. அக்டோபர் முழுக்கத் தேய்த்தான். வால்நட் மரத்தின் ரேகைகள் தேனுக்கடியில் தெரிவதுபோல் மேலே வந்தன. அவனுக்குக் கை வலித்தது. வலிக்கிறது என்று காலையிலும் மாலையிலும் புலம்பினான், மார்வா ஒவ்வொரு தடவையும் ஆசையாகக் கேட்டுக்கொண்டாள்.

முடிகிற சமயத்தில் இரண்டு கட்சியும் நிலவறைக்கு வந்து சேர்ந்தன. குழல் மிதக்கிறதா, அழுந்துகிறதா என்று தெரிந்தாக வேண்டும். வெண்டல்தான் நோட்டை நுழைத்தார். அது கட்டை நெடுகத் தடங்கலில்லாமல் போயிற்று. மிதப்புக்காரர்கள் கைதட்டினார்கள். நுனிக்கு வந்ததும், கடைசிப் பெருவிரல் அகலத்தில், நோட்டு நின்றுபோயிற்று. ஆர்டன் அங்கே மட்டும் மரத்தைச் சுரண்டாமல் விட்டிருந்தான்.

"நான் என்ன சொன்னேன்? நுனியில பிடிமானம் வேணும்னு சொன்னேனா இல்லையா?" என்று வெண்டல் எல்லாரையும் பார்த்தார்.

"மத்த இடம் பூரா மிதக்குதே, அதுக்கு என்ன சொல்றே?" என்றது எதிர்த்தரப்பு.

"யோவ், ரெண்டு பேரும் கிளம்புங்க, எனக்கு வேலை இருக்கு" என்றான் ஆர்டன்.

இரண்டு கட்சியும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போயின. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, ஆனால் அண்ணன் தம்பி பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சரளைக்கல் குழியில் மார்வா முதல் குண்டு சுட்ட அன்று, ஊரில் பாதிப் பேருக்குச் சரளை தேவைப்பட்டது. லாரிகளை வரிசையாக நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்கள். அவள் இடது தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்து, மூச்சை விட்டுச் சுட்டாள். காகிதத்தில் கறுப்பு வட்டத்துக்குள் ஓட்டை விழுந்தது. இன்னும் இரண்டு சுட்டாள், அவையும் அதற்குப் பக்கத்திலேயே விழுந்தன. ஆனால் யாரும் காகிதத்தைப் பார்க்கவில்லை. மார்வா அங்கேயே, அத்தனை பேருக்கு முன்னால், கோட்டைத் திறந்து சட்டைக் கழுத்தை இறக்கித் தோளைக் காட்டினாள். ஒரு சிவப்புகூட இல்லை. "பாத்துக்கோங்க. இனிமே எவனாவது என் பேரைச் சொல்லிச் சிரிச்சா, இது எவ்வளவு நேரா சுடும்னு தெரியுமில்ல?" என்றாள். வெண்டல் தொப்பியைக் கழற்றினார்.

அதனால் ஊருக்கு ஒரு சங்கடம் வந்தது. பாதியில் நிற்கிறவற்றுக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. அந்தக் குளிர்காலத்தில் கவுண்டிக் கூட்டத்தில் பாலத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது, தலைவர் "அது வந்து, மார்வா..." என்று ஆரம்பித்து, முன்வரிசையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வேறு சொல் தேடினார், கிடைக்கவில்லை. பெயரில்லாத ஒரு விஷயத்தைத் தள்ளிப்போடுவது எப்படியென்று தெரியாமல் அடுத்த கோடையில் பாலத்தைக் கட்டி முடித்தார்கள்.

ஆர்டன் முழுக்கத் தரைக்கு வரவில்லை. ஒரு நோட்டு உயரத்தில் நின்றுவிட்டான். மார்வாவும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பலகை முனகாமல் ஒருவர் வீட்டுக்குள் நடமாடுவது பழகிவிட்டது. அவனுக்குக் காபிதான் வேண்டும், டீ கொடுத்தால் கோபம் வரும். காற்று அடிக்கிற நாளில் அவள் வலது தோளைப் பிடித்துக்கொள்வான். நாய்க்குச் சங்கிலி திரும்பக் கிடைத்தது.

சில வருஷம் கழித்து, பனி தள்ளுகிற வண்டியை ஓட்ட டகோட்டா பக்கத்திலிருந்து லனெட் என்று ஒருத்தி வேலைக்கு வந்தாள். வேட்டை சீசனின் கடைசி வாரத்தில், காலை முழுக்கப் பனி கொட்டிவிட்டு ஓய்ந்த ஒரு பிற்பகலில், அவள் மூச்சிரைக்கத் தீவனக் கடைக்குள் வந்தாள்.

"மேல சரிவுல ஒரே ஒரு ஆளோட தடம் போகுது. சின்ன பூட்ஸ். இந்தப் பனியில யாரோ ஒரு பொம்பள தன்னந்தனியா ஏறிப் போயிருக்காங்க. ஆளனுப்ப வேண்டாமா?"

வெண்டல் கோட்டை மாட்டிக்கொண்டு அவளோடு போனார். சரிவின் அடியில் குனிந்து தடத்தைப் பார்த்தார். இடது தோளில் துப்பாக்கி மாட்டிக்கொண்டு போகிறவளின் தடம் இடதுபக்கம்தான் ஆழமாகப் பதிய வேண்டும். இது ஒவ்வோர் அடியிலும் வலதுபக்கம் ஆழமாக இருந்தது. வலதுபக்கம் பள்ளம். அந்தச் சரிவில் அப்படிச் சாய்ந்துகொண்டு ஒருத்தி தனியாக நடந்திருந்தால், மூன்றாவது அடியில் உருண்டு ஓடைக்கு வந்திருப்பாள். தடமோ நிதானமாக, எங்கும் தடுமாறாமல், மேலே மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும்தாம்மா போயிருக்காங்க, ஆர்டனுக்குத் தடம் விழாது. இருட்டுறதுக்குள்ள வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டு வெண்டல் கடைக்குத் திரும்பினார், ஓட்ஸ் மூட்டை இறக்க ஆள் காத்திருந்தது. லனெட் இன்னொரு முறை அந்தத் தடத்தைப் பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறி, அதன் மேல் பனி சரியாதபடி ஒதுக்கி ஓட்டிப் போனாள்.